ஆர்ச்சிபால்ட் காரோட் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களும், லேபில் வேலை பார்ப்பவர்களும், வீட்டில் பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடு உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோரும் காரோட் பற்றி என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பல இடங்களிலிருந்து வந்தவை என்பதால் சில பதில்கள் நீளமாகவும் சில இரண்டு வரியிலும் இருக்கும்.

காரோட் யார்? நூறு வருடத்துக்கு முந்தைய ஒருவரின் கட்டுரைப் பட்டியலை இன்று ஏன் புரட்ட வேண்டும்?

சர் ஆர்ச்சிபால்ட் காரோட் 1857இல் லண்டனில் பிறந்து 1936இல் கேம்பிரிட்ஜில் இறந்த மருத்துவர். லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையிலும் கிரேட் ஓர்மண்ட் தெருவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையிலும் பணியாற்றினார். அப்பா ஆல்ஃபிரட் பேரிங் காரோட்டும் பெயர்பெற்ற மருத்துவர்தான். கௌட் என்ற மூட்டு நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருப்பதை 1848இல் காட்டியவர் அவர். ரத்தத்தையும் சிறுநீரையும் வேதியியல் கண்ணோடு பார்க்கும் பழக்கம் அந்த வீட்டிலேயே இருந்தது என்று சொல்லலாம்.

உடலுக்குள் நடக்கும் ஒரு வேதிவினை பிறவியிலேயே தடைபட்டிருக்கலாம், அந்தத் தடை குடும்ப வழியாக வரலாம் என்பதை முதன்முதலில் தெளிவாக எழுதியவர் காரோட். இதைப் பாடநூலில் ஒரே வரியில் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அவருடைய கட்டுரைகளை வெளிவந்த வரிசையில் படித்தால்தான் அந்த எண்ணம் எப்படி உருவானது, எந்த இடத்தில் திசை மாறியது, எதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார் என்பதெல்லாம் தெரியும். ஒரு ஆய்வாளரின் பட்டியலில் எண்ணிக்கையைவிட வரிசைக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். அதற்கு இவரைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆரம்பத்திலிருந்தே வளர்சிதைமாற்ற நோய்களைப் பற்றித்தான் எழுதினாரா?

இல்லை. 1886இல் வந்த முதல் சிறு நூல், குரல்வளையைப் பார்க்கும் கருவியைக் கையாள்வது பற்றியது. 1890இல் வந்த பெரிய நூல் வாத நோய்களைப் பற்றியது. அதற்கப்புறம்தான் சிறுநீரின் நிறம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஹெமட்டோபோர்ஃபிரின், யூரோக்ரோம், யூரோபிலின் என்று சிறுநீரின் நிறமிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து 1890கள் முழுக்க எழுதினார். சில கட்டுரைகளில் உடன் எழுதியவர் ஃபிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். வைட்டமின் ஆய்வுக்காக 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவரேதான்.

இந்தப் பத்து வருட நிறமி வேலையைப் பலர் முன்னுரை மாதிரி தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுநீர் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று பத்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தவர் என்பதால்தான், கறுப்புச் சிறுநீரோடு ஒரு குழந்தை வந்தபோது அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அல்காப்டோனூரியா என்பது என்ன?

நாம் சாப்பிடும் புரதத்தில் ஃபினைல்அலனின், டைரோசின் என்று இரண்டு அமினோ அமிலங்கள் உண்டு. இவை உடைந்துபோகும் பாதையின் நடுவில் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் உருவாகும். சாதாரணமாக அது உருவானதும் அடுத்த நொதி அதை உடைத்துவிடும். அந்த நொதி வேலை செய்யாதவர்களுக்கு அமிலம் அப்படியே தேங்கி, ஒரு நாளைக்குச் சில கிராம் அளவில் சிறுநீரில் வெளியேறும்.

வெளியே வரும்போது சிறுநீர் சாதாரண நிறத்தில்தான் இருக்கும். காற்றுப்பட வைத்திருந்தால் மேற்பரப்பிலிருந்து பழுப்பேறி, மெல்ல மெல்ல முழுவதும் கறுத்துவிடும். காரம் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கறுக்கும். குழந்தையின் துணியைச் சோப்புப் போட்டுத் துவைக்கத் துவைக்கக் கறை போகாமல் அடர்ந்துகொண்டே வருவது அதனால்தான்.

இந்த நிலைக்கு 1859இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான போடெக்கர். அந்தப் பொருள் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று 1891இல் கண்டவர்கள் வோல்கோவ், பௌமன் என்ற இருவர். ஆக, காரோட் கைவைப்பதற்கு முன்பே நோய்க்குப் பெயரும் உண்டு, வேதிப்பொருளும் தெரியும். ஏன் வருகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. குடலில் ஏதோ கிருமி புகுந்து டைரோசினை இப்படி மாற்றிவிடுகிறது என்பதே அன்றைய வலுவான கருத்து.

அல்காப்டோனூரியா பற்றிய 1899, 1901, 1902 ஆகிய மூன்று கட்டுரைகளையும் வரிசையாகப் படிக்கச் சொல்கிறீர்கள். கடைசிக் கட்டுரை மட்டும் போதாதா?

போதாது. ஒரே ஆளின் பார்வை மூன்றே வருடத்தில் எவ்வளவு தூரம் போனது என்பது மூன்றையும் படித்தால்தான் பிடிபடும்.

1899இல் வந்தது பொறுமையான ஒரு நோயாளிக் குறிப்பு. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே சிறுநீர் கறுக்கும் ஒரு சிறுவனைப் பரிசோதித்து, பொருளைப் பிரித்தெடுத்து, முன்பு மற்றவர்கள் பதிவுசெய்தவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார். இந்த நிலை உள்ளவர்கள் பெரிய தொல்லையில்லாமல் வாழ்கிறார்கள் என்பதை அப்போதே கவனித்துவிட்டார். பரம்பரையைப் பற்றிய வாதம் இன்னும் வரவில்லை.

பிறகு அந்தச் சிறுவனின் தாய் மறுபடி கருவுற்றார். 1901இல் குழந்தை பிறந்ததும் துணிகளை முதல் மணி நேரத்திலிருந்தே கவனித்துவரும்படி செவிலியிடம் சொல்லிவைத்தார் காரோட். முதலில் வந்த துணிகளில் கறை இல்லை. இரண்டு நாள் கடந்ததும் கறை தெளிவாகத் தெரிந்தது. தாய்ப்பால் குடித்து, அந்தப் புரதம் செரித்து, அமிலம் வெளியே வர எடுக்கும் நேரம் அது. கிருமி தொற்றிக் குடலில் குடியேறி, ஒரே வீட்டுப் பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடிக்கிறது என்று வாதிடுவது இனிமேல் கடினம். பிறவியிலேயே இருக்கும் நிலை இது என்பதற்கு அந்தத் துணிகள் சாட்சியாக நின்றன.

இன்னொன்றும் தெரியவந்தது. அந்தக் குழந்தைகளின் அப்பாவும் அம்மாவும் அக்கா தங்கை பிள்ளைகள். நம் வழக்கில் அண்ணன் தங்கை முறையாகிவிடுவதால் அப்படிக் கட்டுவதில்லை. இங்கிலாந்தில் அந்த முறைக்கணக்குக் கிடையாது. காரோட் உடனே மற்ற குடும்பங்களையும் விசாரித்தார். 1901 நவம்பரில் லான்செட் இதழில் வந்த கட்டுரையில் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

1902 டிசம்பர் 13 அன்று அதே லான்செட்டில் வந்ததுதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரை. சில பக்கங்கள்தான். அல்காப்டோனூரியா எத்தனை பேருக்கு, எந்தெந்தக் குடும்பங்களில் வந்திருக்கிறது என்று அட்டவணை போட்டு, அதிலிருந்து 'வேதியியல் தனித்தன்மை' என்ற கருத்துக்கு வந்துசேர்கிறார். இரண்டு மனிதர்கள் உருவத்தில் அப்படியே ஒன்றுபோல இருப்பதில்லை. அதுபோல அவர்களுடைய உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளும் அச்சு அசலாக ஒரே வழியில் நடப்பதில்லை என்பது அவர் வாதம். அல்காப்டோனூரியா போன்றவை அந்த வித்தியாசத்தின் கண்ணுக்குத் தெரியும் உச்ச எல்லைகள் மட்டுமே, தெரியாத சிறு வித்தியாசங்கள் எல்லோரிடமும் இருக்கும் என்கிறார். ஒரே மாத்திரை ஒருவருக்கு ஒத்துக்கொண்டு இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது ஏன் என்று இன்று மரபணுவில் தேடுகிறோமே, அந்தத் தேடலுக்கான இடம் 1902லேயே ஒதுக்கப்பட்டுவிட்டது.

நோய்க் குடும்பங்களில் 60 சதவீதம் உறவுத் திருமணம் என்ற கணக்கை எங்கிருந்து எடுத்தார்?

தானே விசாரித்த குடும்பங்களையும், மற்ற நாட்டு மருத்துவர்கள் பதிவுசெய்த குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தார். பெற்றோருக்கு இந்த நிலை இல்லாமல் பிள்ளைக்கு வந்த குடும்பங்களை மட்டும் எடுத்தால், அவற்றில் 60 சதவீதம் சித்தப்பா பெரியப்பா, அத்தை மாமா, சித்தி பெரியம்மா பிள்ளைகளுக்குள் நடந்த திருமணங்கள்.

இது அதிகமா குறைவா என்று தெரிய, ஊரில் பொதுவாக எவ்வளவு என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்கு ஜார்ஜ் டார்வின் முன்பே செய்திருந்த கணக்கை எடுத்துக்கொண்டார். இவர் சார்ல்ஸ் டார்வினின் மகன். சார்ல்ஸ் டார்வின் மணந்துகொண்டதும் தன் மாமன் மகளைத்தான். ஜார்ஜின் கணக்குப்படி இங்கிலாந்தின் உயர்குடியில் ஏறக்குறைய 4 சதவீதம், கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் 2 முதல் 3 சதவீதம், லண்டனில் 1.5 சதவீதம் வரைதான் இப்படிப்பட்ட திருமணங்கள். ஊரில் இரண்டு மூன்று, இந்த நோய்க் குடும்பங்களில் 60. குடும்பங்களின் எண்ணிக்கை சொற்பம் என்றாலும் இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வராது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குழு என்ற பேச்சு மருத்துவத்தில் அதிகம் இல்லாத காலத்தில், ஒப்பிட ஓர் எண் வேண்டும் என்று தேடிப்போனதை என் மாணவர்களுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவேன்.

அப்படியானால் சொந்தத்தில் கல்யாணம் செய்வதால்தான் இந்த நோய் வருகிறது என்கிறாரா?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் பெற்றோர்கள். பெரும்பாலும் அழுகையோடுதான் கேட்கிறார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

காரோட் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோர் ரத்த உறவினர்கள் என்ற ஒரே காரணம் இந்த நிலையைப் புதிதாக உண்டாக்கிவிடும் என்று நினைக்க இடமில்லை என்று 1902 கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். ஏற்கெனவே குடும்பத்தில் மறைந்திருக்கும் ஒன்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பிள்ளைக்கு வந்துசேரும் வாய்ப்பை உறவுத் திருமணம் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

நம்மில் ஒவ்வொருவரும் ஒடுங்கு பண்பாகச் சில பழுதான மரபணுக்களைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றொன்று நன்றாக இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அத்தை மகன், மாமன் மகள் இருவரும் ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்கள் என்பதால், சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் இருவருக்கும் பொது. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் இந்த இரண்டு வகைத் திருமணமும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவதால் இந்தக் கணக்கு நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கணவன் மனைவி இருவரிடமும் ஒரே பழுது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான்.

உறவில் கல்யாணம் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள் பிறக்கிறார்கள். உறவே இல்லாத தம்பதிக்கும் இப்படிப் பிள்ளை பிறப்பதுண்டு. எனவே, அம்மாவையோ, சம்பந்தம் பேசி முடித்த பாட்டியையோ யாரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி இருப்பது தெரிந்த பிறகு, அதே குடும்பத்துக்குள் அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொல்வது மட்டும் நியாயம்.

இந்தப் பெருமையில் மெண்டலின் விதியைச் சொன்ன பேட்சனுக்குப் பங்கில்லையா?

கண்டிப்பாக உண்டு. காரோட்டே மறைக்காமல் எழுதியிருக்கிறார். மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1900இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. வில்லியம் பேட்சன் கேம்பிரிட்ஜில் அதை முழு மூச்சாகப் பரப்பிக்கொண்டிருந்தார். காரோட்டின் 1901 கட்டுரையைப் பார்த்து, இது ஒடுங்கு பண்பு நடந்துகொள்ளும் விதத்தோடு பொருந்துகிறதே என்று கண்டுகொண்டவர் அவர். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. பேட்சனும் எடித் ரெபேக்கா சாண்டர்ஸும் சேர்ந்து ராயல் சொசைட்டியின் குழுவுக்கு 1902இல் கொடுத்த அறிக்கையிலேயே அல்காப்டோனூரியா பற்றிய குறிப்பு இருக்கிறது. அதை மேற்கோள் காட்டித்தான் காரோட் தன் 1902 கட்டுரையில் மெண்டலைக் கொண்டுவருகிறார். சாண்டர்ஸ் என்ற தாவரவியலாளரின் பெயர் இந்தக் கதையைச் சொல்லும்போது பல இடங்களில் விட்டுப்போகிறது. அவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

1908 சொற்பொழிவுகளும் 1909 நூலும் ஒன்றுதானா?

அடிப்படையில் ஒன்றுதான். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸில் 1908 ஜூனில் குரூனியன் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அடுத்த மாதமே லான்செட்டில் நான்கு பகுதியாக வந்தன. 1909இல் நூலானது. பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகள் என்று இன்று ஒரு மருத்துவத் துறைக்கே பெயராக இருப்பது அந்த நூலின் தலைப்புத்தான்.

நான்கு நிலைகளை எடுத்துக்கொண்டார். அல்பினிசம் (தோலிலும் முடியிலும் நிறமி இல்லாமை), அல்காப்டோனூரியா, சிஸ்டினூரியா (சிறுநீரில் சிஸ்டின் என்ற அமினோ அமிலம் வெளியேறுவது), பென்டோசூரியா (சிறுநீரில் பென்டோஸ் வகைச் சர்க்கரை வெளியேறுவது). நான்கையும் சேர்த்துப் பார்த்து அவர் வரைந்த படம் எளிமையானது. வளர்சிதைமாற்றம் படிப்படியாக நடக்கிறது. ஒரு படியில் தடை ஏற்பட்டால் அதற்கு முந்தைய பொருள் தேங்கும், பிந்தைய பொருள் கிடைக்காமல் போகும். ஒவ்வொரு படிக்கும் ஒரு தனி நொதி உண்டு, அந்த நொதி இல்லாததுதான் தடை.

நான்கில் சிஸ்டினூரியா மட்டும் இந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. அதில் நொதி எதுவும் குறையவில்லை, சிறுநீரகம் சிஸ்டினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழிதான் பழுது என்று டென்ட், ரோஸ் இருவரும் 1951இல் காட்டினார்கள். இதனால் நூலின் மதிப்புக் குறையவில்லை. சரியான கேள்வியைக் கேட்டு வைத்திருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் தவறான விடையைத் திருத்த முடிந்தது. பென்டோசூரியாவுக்கான மரபணு 2011இல்தான் கிடைத்தது. நூற்றாண்டு தாண்டி அவர் பட்டியலின் கடைசிப் பெட்டியும் நிரம்பியது.

நொதி இல்லை என்பதை அவரே நிரூபித்தாரா?

இல்லை. அவரிடம் இருந்தது சிறுநீரும் தராசும் குடும்ப வரலாறும்தான். அந்தக் கருவிகளால் போகக்கூடிய தூரம் வரை போனார். 1905இல் ஹேல் என்பவரோடு எழுதிய கட்டுரை, வெவ்வேறு நோயாளிகளிடமும் சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலத்துக்கும், புரதம் உடைந்த அளவைக் காட்டும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைக் காட்டியது. அதாவது தடை அரைகுறையானது இல்லை, அந்தப் பாதை முழுமையாகவே அடைபட்டிருக்கிறது. அதே வருடம் ஹர்ட்லி என்பவரோடு சேர்ந்து அமிலத்தை அளக்கும் முறையைப் பற்றியும் எழுதினார். பெரிய கருத்தைச் சொல்லும் ஆள் அளவிடும் முறைக்கு உட்கார்ந்து தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதை லேபில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நேரடி நிரூபணம் மெதுவாக வந்தது. கல்லீரலில் ஒரு நொதி இல்லாமையைக் கார்ல், கெர்ட்டி கோரி தம்பதி 1952இல் முதலில் காட்டினார்கள். அது கிளைகோஜன் சேமிப்பு நோய் ஒன்றில். அல்காப்டோனூரியா நோயாளியின் கல்லீரல் திசுவில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உடைக்கும் ஹோமோஜென்டிசேட் ஆக்சிடேஸ் நொதி இல்லை, பாதையின் மற்ற நொதிகளெல்லாம் இருக்கின்றன என்று பெர்ட் லா டூ குழு 1958இல் காட்டியது. மரபணு 1996இல் ஸ்பெயின் நாட்டுக் குழுவால் கண்டறியப்பட்டது. அந்த வேலை தொடங்கியது அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையில்.

அவர் வாழ்ந்த காலத்தில் யாருமே அவரைப் படிக்கவில்லை என்கிறார்களே?

அது மிகைப்படுத்தல். 1910இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920இல் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லருக்குப் பின் ஆக்ஸ்போர்டில் ரீஜியஸ் பேராசிரியர் என்ற உயர்ந்த மருத்துவப் பதவிக்கு வந்தார். நூலின் இரண்டாம் பதிப்பு 1923இல் வந்தது. மருத்துவர்கள் அவரை நன்றாகவே அறிந்திருந்தார்கள், பேட்சனும் தன் நூலில் எடுத்துக்காட்டினார்.

படித்தவர்கள் அதை எந்த அலமாரியில் வைத்தார்கள் என்பதுதான் பிரச்சினை. மருத்துவர்களுக்கு அது அபூர்வமான, தொந்தரவில்லாத நாலு நோய்களைப் பற்றிய புத்தகம். மரபியலாளர்கள் ஈயையும் மக்காச்சோளத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள், சிறுநீர் வேதியியல் அவர்கள் பாடமில்லை. உயிர்வேதியியலாளர்களுக்கு மரபுவழி பற்றி அக்கறையில்லை. மூன்று துறையும் சந்திக்கும் இடத்தில் நின்று எழுதியதை மூன்று துறையும் ஓரத்தில் வைத்துவிட்டன.

ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டேட்டமும் 1941இல் ரொட்டிப் பூஞ்சையை வைத்து மரபணுவுக்கும் நொதிக்கும் உள்ள உறவைக் காட்டினார்கள். 1958இல் நோபல் பரிசு ஏற்புரையில் பீடில், தாங்கள் செய்தது காரோட் வெகுகாலம் முன்பே தெளிவாகக் கண்டதை மறுபடி கண்டதுதான் என்ற பொருளில் பேசினார். பரிசு வாங்கும் மேடையில் அப்படிச் சொல்ல நேர்மையான மனம் வேண்டும்.

இன்றைய எச்-இண்டெக்ஸ் கணக்கில் காரோட் எங்கே நிற்பார்?

எச்-இண்டெக்ஸ் 2005இல் வந்த அளவுகோல். ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்பதை எண்ணுகிறது. காரோட் நிறையவே எழுதினார். ஆனால் நிறமிக் கட்டுரைகளை இன்று யாரும் மேற்கோள் காட்டுவதில்லை, 1902 கட்டுரைக்கும் 1909 நூலுக்கும் எத்தனை ஆயிரம் மேற்கோள் வந்தாலும் எச்-இண்டெக்ஸில் அவை இரண்டு கட்டுரைகளாகத்தான் சேரும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒருவரின் பட்டியலை நீட்டினால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே கேள்வியை இவர் எத்தனை வருடம் விடாமல் துரத்தியிருக்கிறார், அடுத்த கட்டுரை முந்தையதைத் திருத்தியிருக்கிறதா, அளவிடும் முறையில் அக்கறை காட்டியிருக்கிறாரா, மற்றவர் சொன்ன யோசனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அதற்குக் கட்டுரைகளைப் படித்தாக வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

தமிழ்நாட்டில் அல்காப்டோனூரியா இருக்கிறதா?

இருக்கிறது. உலகளவில் இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இந்த நிலை. ஸ்லோவாக்கியாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் மட்டும் கூடுதலாக இருப்பது முன்பே தெரிந்திருந்தது. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் ஸ்லோவாக்கிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014இல் அன்னல்ஸ் ஆஃப் ஹ்யூமன் ஜெனிடிக்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, நரிக்குறவர் சமூகத்தில் அதுவரை பதிவாகாத ஒரு மரபணு மாற்றம் பரவலாக இருப்பதைக் காட்டியது. முன்னோர் ஒருவரிடம் தோன்றிய மாற்றம், தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறிய சமூகத்தில் தலைமுறைகளாகத் தங்கிவிட்டது.

இது அந்த மக்களின் குறை என்று யாரும் பேசக் கூடாது. உள்மணம் புரியும் எந்தச் சிறு குழுவிலும், அது எந்தச் சாதியாக இருந்தாலும், ஏதோ ஒரு மரபணு மாற்றம் இப்படித் தங்கியிருக்கும். தேடிப் பார்த்த இடத்தில் கிடைத்திருக்கிறது. இந்த அறிவு அந்தக் குடும்பங்களுக்கு மூட்டுச் சிகிச்சையாகவும் ஆலோசனையாகவும் போய்ச் சேர வேண்டும். கட்டுரையோடு நின்றுவிட்டால் போதாது.

தொல்லையில்லாத நிலை என்று காரோட் எழுதினார். அது சரியா?

பாதிதான் சரி. பிள்ளைப் பருவத்தில் கறுப்புச் சிறுநீர் தவிர வேறு தொல்லை இருக்காது. முப்பது வயதைத் தாண்டும்போது முதுகுவலி ஆரம்பிக்கும். ஹோமோஜென்டிசிக் அமிலத்திலிருந்து உண்டாகும் நிறமி குருத்தெலும்பில் படிந்து அதைக் கடினமாக்கி உடையச் செய்யும். காது மடல் நீலம் பாரிக்கும், கண்ணின் வெள்ளை விழியில் பழுப்புத் திட்டு தெரியும், முதுகெலும்புத் தட்டுகளில் சுண்ணாம்பு படியும். முழங்காலும் இடுப்பும் மாற்று அறுவைவரை போவதுண்டு. இதய வால்வும் பாதிக்கப்படலாம். குருத்தெலும்பு இப்படி நிறம் மாறுவதை 1866இலேயே ஜெர்மானிய நோயியலாளர் விர்ஹோ விவரித்திருந்தார். அதற்கும் அல்காப்டோனூரியாவுக்கும் உள்ள உறவு தெரியவந்தது 1902 வாக்கில்தான். காரோட் பார்த்தவர்களில் பலர் குழந்தைகள் என்பதால் இந்தப் பக்கம் அவருக்கு முதலில் படவில்லை.

இன்று மருந்து உண்டா?

நிடிசினோன் என்ற மருந்து உண்டு. களைக்கொல்லி ஆய்விலிருந்து பிறந்த மூலக்கூறு அது. ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாகும் படியையே நிறுத்திவிடுகிறது. காரோட் வரைந்த படத்தில் அடைப்புக்கு ஒரு படி முன்னாலேயே இன்னோர் அடைப்பைப் போடுவதுதான் வைத்தியம். வேறொரு பிறவிக் குறைபாடான டைரோசினீமியாவுக்கு 1992இலிருந்தே இதன் பயன்பாடு தெரியும். அல்காப்டோனூரியா உள்ள பெரியவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அனுமதி கொடுத்தது. ரத்தத்தில் டைரோசின் கூடிக் கண்ணின் கருவிழியைப் பாதிக்கலாம் என்பதால் நிபுணர் கண்காணிப்பும் புரதக் கட்டுப்பாடும் தேவை. நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை.

லேபில் வேலை பார்க்கிறேன். இதில் எனக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சிறுநீரில் சர்க்கரையைக் கண்டறிய பெனடிக்ட் சோதனை செய்த காலத்தில் இந்த நோய் கையில் அகப்பட வாய்ப்பு இருந்தது. ஹோமோஜென்டிசிக் அமிலம் ஒடுக்கும் தன்மை கொண்டது என்பதால் பெனடிக்ட் கரைசலில் ஆரஞ்சு வீழ்படிவு வரும், ஆனால் மேலே நிற்கும் திரவம் கரும்பழுப்பாக இருக்கும். சர்க்கரை மட்டும் இருந்தால் அப்படி இருக்காது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் சர்க்கரை நோய் என்று எழுதப்பட்டவர்கள் பழைய பதிவுகளில் இருக்கிறார்கள். இன்று நாம் பயன்படுத்தும் ஸ்டிரிப் குளுக்கோஸை மட்டும்தான் பார்க்கும் என்பதால் அந்தத் தவறு நடக்காது, அந்தத் துப்பும் கிடைக்காது.

அதனால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். காலையில் வந்த மாதிரி மதியம் மேசையில் மேல்பக்கம் கறுத்திருந்தால் கொட்டிவிடாதீர்கள். இரண்டு சொட்டு காரம் சேர்த்துப் பாருங்கள். ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் ஒரு கணம் நீலப்பச்சை வந்து மறையும். அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் உடனே கறுக்கும். சந்தேகம் இருந்தால் கரிம அமிலப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் பேசுங்கள். நோய் உறுதியானவரின் சிறுநீரில் பெராக்சிடேஸ் வினையை நம்பியிருக்கும் யூரிக் அமில, கிரியேட்டினின் அளவீடுகள் தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்பதையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

கடைசிக் காலத்தில் என்ன எழுதினார்?

1931இல் வந்த கடைசி நூலில் பார்வையை விரித்தார். அபூர்வ நோய்களை விட்டு, எல்லா நோய்களிலும் ஒருவருக்கு மட்டும் வந்து இன்னொருவருக்கு வராமல் இருப்பதற்குப் பிறவிக் காரணம் என்ன என்று கேட்டார். இடையில் முதல் உலகப் போர் வந்தது. அவர் மால்டாவில் ராணுவ மருத்துவ ஆலோசகராக இருந்தார். மூன்று மகன்களில் இருவர் போரிலும், மூன்றாமவர் 1919இல் இன்ஃப்ளுயன்சாவிலும் இறந்தார்கள். ஒரே மகள் டோரதி தொல்லியல் படித்து, 1939இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியரானார். அதைக் காண அப்பா இல்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

1902 கட்டுரையிலிருந்து. மருத்துவ ஆங்கிலம் பழையதாக இருந்தாலும் தெளிவாக எழுதுகிறவர். முதலில் அட்டவணையைப் பாருங்கள், எந்தக் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்கு இந்த நிலை, பெற்றோர் உறவா என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வாதத்தைப் படியுங்கள். அப்புறம் 1899இலிருந்து தொடங்கி மூன்றையும் வெளிவந்த வரிசையில் படியுங்கள். அதன் பிறகு 1908 சொற்பொழிவுகளில் முதலாவதையும் அல்காப்டோனூரியா பற்றியதையும் படித்தால் போதும். சிஸ்டினூரியா பகுதியை டென்ட், ரோஸ் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.